நாய் பேசினால் மட்டும் போதுமா?

டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகளின் நச்சரிப்பும் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடானாலும் சரி, பக்கத்து வீட்டுக் கேக்குக்காகக் காத்திருக்கும் வீடானாலும் சரி, பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "படத்துக்குக் கூட்டிப் போங்க!" அதிலும் விளம்பரத்தில் ஒரு நாய்க்குட்டி நின்றுவிட்டால் தீர்ந்தது. பெற்றோராகிய நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். வெட்டுக் குத்து இருக்காது, ஆபாசம் இருக்காது, நாய்ப் படம்தானே, குடும்பத்தோடு சிரித்துவிட்டு வரலாம் என்று நினைப்பீர்கள்.

அப்படி நம்பிப் போய் ஏமாந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறேன். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி வெளிவந்த 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்'தான் அது. "பழைய படமாயிற்றே டீச்சர், இப்போது எதற்கு?" என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் ஒரு படம் தியேட்டரை விட்டுப் போனால் போனதுதான். இப்போது அப்படியா? கைப்பேசிக்குள்ளும் தொலைக்காட்சிக்குள்ளும் உட்கார்ந்துகொண்டு, விடுமுறைக்கு விடுமுறை தலையை நீட்டுகிறது. போன விடுமுறையில் கூட ஒரு தாய் என்னிடம், "நாய் வர்ற படம், வடிவேலு படம், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் படத்தின்மேல் நமக்கு இருந்த ஆசை சாதாரண ஆசையா? 2006இல் வந்த 'தலைநகரம்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடத்தின் பெயர்தான் நாய் சேகர். ரவுடி என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு, உண்மையான ரவுடியைக் கண்டால் நடுங்கும் அந்த மனிதரை மறக்க முடியுமா? அதே ஆண்டில்தான் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யும் வந்தது. அதன் இரண்டாம் பாகத்தை எடுக்கப் புகுந்தபோது தயாரிப்பாளர் தரப்புக்கும் அவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, புதுப்படங்களில் நடிக்க முடியாமல் சில ஆண்டுகள் கழிந்தன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வடிவேலு எங்கும் போய்விடவில்லை. அவருடைய முகம் கைப்பேசிப் படங்களாக வீட்டுக்கு வீடு சுற்றியது. என் வகுப்பில் வடிவேலுவின் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்திராத பிள்ளைகள், அவர் முகத்தைக் கண்டாலே சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர் மறுபடியும் கதாநாயகனாக வருகிறார், 'தலைநகர'த்தை இயக்கிய அதே சுராஜ் இயக்குகிறார், லைக்கா நிறுவனம் தயாரிக்கிறது, சந்தோஷ் நாராயணன் இசை, அதோடு நாய்கள் என்றால், எந்தக் குடும்பம்தான் சும்மா இருக்கும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு மே மாதம் முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி என்று ஆயிற்று. (2025இல் அது 1,700 வெள்ளியானது.) மாதத்தில் 26 நாள் வேலை என்றால், அப்போது ஒரு நாள் கூலி ஏறத்தாழ 58 வெள்ளி. தாய் தகப்பன், மூன்று பிள்ளைகள். ஐந்து டிக்கெட், சோளப்பொரி, தண்ணீர், எண்ணெய்க் காசு, வண்டி நிறுத்தக் காசு. இரண்டு நாள் கூலி அந்த ஒரு சாயங்காலத்தில் போய்விடும். செம்பனைக் குலையை வெட்டிச் சுமந்து, உதிர்ந்த பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த இரண்டு நாள்! ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் அப்படிப் போக முடிகிறது. ஆகவே, "சினிமாதானே, பிடிக்காவிட்டால் போகிறது" என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை.

சரி, படத்தில் என்னதான் இருந்தது? பணக்காரர்கள் வளர்க்கும் நாய்களைத் திருடி வைத்துக்கொண்டு, பணம் கொடுத்தால் திருப்பித் தரும் திருடன் சேகர். அவனுடைய குடும்பத்துக்கு ஒரு காலத்தில் அதிர்ஷ்டம் கொண்டுவந்த ஒரு நாய் இருந்தது என்றும், அதை வேலைக்காரன் தூக்கிக்கொண்டு போய்ப் பெரும் பணக்காரனாகிவிட்டான் என்றும் அவனுக்குத் தெரியவருகிறது. அந்த நாயைத் தேடி ஐதராபாத்துக்குப் புறப்படுகிறான். கதையின் கரு மோசம் என்று சொல்லமாட்டேன். தாத்தா பாட்டி சொல்லும் கதைபோல ஒரு மாய நாய், அதைத் தேடும் ஓர் ஏமாளி. நல்ல கையில் கிடைத்திருந்தால் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்திருப்பார்கள்.

ஆனால் நாயைத் தேடும் படத்தில் நாய்க்கு வேலையே இல்லை. திருடப்படும்போது ஒரு பண்டம், திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பண்டம், அதிர்ஷ்டம் தரும்போதும் ஒரு பண்டம். நாய் வரும் இடத்திலெல்லாம் மனிதர்கள்தாம் ஓயாமல் பேசுகிறார்கள். கத்துகிறார்கள், ஒருவரை ஒருவர் அடிக்கிறார்கள், உருவத்தைக் கேலி செய்கிறார்கள். ரெடின் கிங்ஸ்லி, ஆனந்தராஜ், முனீஸ்காந்த் என்று சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் ஒரு கூட்டமே இருந்தும், ஒருவர் சொல்வதை இன்னொருவர் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் அந்தத் தாளம் அமையவில்லை. வடிவேலு சிரிப்பை எங்கிருந்து எடுப்பவர் என்பது உங்களுக்கே தெரியும். அவமானப்படும் மனிதனின் முகத்திலிருந்து எடுப்பவர். இந்தப் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கி, பளபளக்கும் உடைகளை மாட்டிவிட்டு, அவமானப்பட இடமில்லாமல் செய்துவிட்டார்கள். பிரபுதேவா அமைத்த நடனத்தில் அவர் ஆடும் ஒரு பாட்டுக்கு மட்டும் தியேட்டரில் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். அந்த ஐந்து நிமிடத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'நான் பார்த்த திரைப்படம்' என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பையன் எழுதியிருந்தான்: "படத்தில் நிறைய நாய் வந்தது. எனக்கு ஒரு நாயின் பெயரும் தெரியாது." இலக்கணப் பிழை இல்லாத வாக்கியங்கள், முழு மதிப்பெண் கொடுத்தேன். பத்திரிகைகளில் வந்த எத்தனையோ விமர்சனங்களைவிட அந்த இரண்டு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 2022 நாய்ப் படங்களுக்கே உரிய ஆண்டாக அமைந்துவிட்டது. தமிழிலும் தமிழுக்கு மாற்றப்பட்டும் நான்கு படங்கள்! நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கடைசிப் படம் எங்கே சறுக்கியது என்பது தெரியும்.

முதலாவது, அந்த ஆண்டு பொங்கலுக்கு, ஜனவரி 13ஆம் தேதி வந்த 'நாய் சேகர்'. பெயர்க் குழப்பத்துக்கு இதுதான் காரணம். ஏஜிஎஸ் நிறுவனம் அந்தப் பெயரை முன்னதாகவே பதிவு செய்து வைத்திருந்ததால், வடிவேலு படம் 'ரிட்டர்ன்ஸ்' என்னும் வாலை ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. நகைச்சுவை நடிகர் சதீஷ் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம், இயக்கம் கிஷோர் ராஜ்குமார். ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியில் சிக்கிய நாய் ஒருவனைக் கடித்துவிட, நாயின் குணம் மனிதனுக்கும் மனிதனின் குணம் நாய்க்கும் மாறிவிடுகிறது. நாயின் பெயர் படையப்பா! அதற்குக் குரல் கொடுத்தவர் மிர்ச்சி சிவா. ஆக, பேசும் நாய் தமிழுக்கு வந்தேவிட்டது. ஆனால் அது பேசுவதென்ன? நம் ஊர் வாலிபன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அடிக்கும் கிண்டல்தான் பெரும்பாலும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பேசுவது நாய் என்றே தெரியாது. நாய்க்கு மட்டுமே தெரிந்த உலகம் ஒன்று இருக்கிறதே, மோப்பம், காத்திருப்பு, எசமானின் காலடி ஓசை, பசி, இடிக்குப் பயம், அதிலிருந்து அது ஒன்றும் பேசவில்லை. சதீஷ் நாயைப்போல் நடந்துகொள்ளும் காட்சிகளுக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதை மறுக்கவில்லை. மனிதன் நாயாக மாறியபோது வந்த சிரிப்பு, நாய் மனிதனாக மாறியபோது வராமல் போயிற்று.

இரண்டாவது, ஏப்ரல் 21ஆம் தேதி தியேட்டருக்கு வராமல் நேராக இணையத் திரையில் வெளிவந்த 'ஓ மை டாக்'. சூர்யா, ஜோதிகாவின் நிறுவனம் தயாரித்தது. விஜயகுமார், அவர் மகன் அருண் விஜய், பேரன் அர்னவ் என்று மூன்று தலைமுறையினர் ஒன்றாக நடித்தார்கள். கண் தெரியாத நாய்க்குட்டி சிம்பாவை ஒரு சிறுவன் எடுத்து வளர்க்கிறான். பெரியவர்களுக்குக் கதை முன்கூட்டியே தெரிந்துவிடும். வில்லன் கார்ட்டூன் வில்லன். இருந்தாலும் பிள்ளைகளுக்காக எடுத்தோம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்காகவே எடுத்த படம் அது.

மூன்றாவது, ஜூன் 10ஆம் தேதி வந்த '777 சார்லி'. கன்னடப் படம்; தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தது. கிரண்ராஜ் இயக்கம், ரக்ஷித் ஷெட்டி நடிப்பு. யாரோடும் ஒட்டாமல், வேலை விட்டால் வீடு, வீட்டில் பீர், இட்லி, பழைய சார்லி சாப்ளின் படம் என்று வாழும் ஒருவனிடம் ஒரு லாப்ரடார் பெண்நாய் வந்து சேர்கிறது. அதற்குத் தீராத நோய். தொலைக்காட்சியில் பனியைக் கண்டால் அந்த நாய் துள்ளுகிறது என்பதைக் கவனித்த அவன், அதைப் பனி பார்க்க வைக்க இமயமலைவரை கூட்டிப் போகிறான். நம் ஷா ஆலம் ஐ-சிட்டியில் காசு கொடுத்துச் செயற்கைப் பனியைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை புரியாதா? அந்தப் படம் முழுவதும் சார்லி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் அது என்ன நினைக்கிறது என்று நான்கு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். அப்போது கர்நாடக முதலமைச்சராக இருந்த பசவராஜ் பொம்மை படத்தைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கியது செய்தியாகவே வந்தது. அவரும் தம் வீட்டு நாயைப் பறிகொடுத்தவர்.

நான்காவதாக டிசம்பரில் வந்ததுதான் நம் ஏமாற்றம். பெரிய நடிகரும் பெரிய நிறுவனமும் சேர்ந்த அந்த விடுமுறைப் படத்தில்தான் நாயைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நாயைப் பேச வைப்பதே தவறா? இல்லை. அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் வியப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் காட்டலாம். 1961 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மிஸ்டர் எட்' என்றொரு பேசும் குதிரை வந்தது. முதலில் நைலான் நூலை வைத்து அதன் உதட்டை அசைய வைத்தார்கள் என்றும், பிறகு பயிற்சியாளர் குளம்பைத் தொட்டதும் அதுவே உதட்டை அசைக்கப் பழகிக்கொண்டது என்றும் சொல்வார்கள். கணினி வந்த பிறகு வேலை மாறியது. உண்மையான பிராணியை நடிக்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டு, வாய்ப் பகுதியை மட்டும் கணினியில் வரைந்து, பேச்சின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஏற்ப அசைய விடுகிறார்கள். 1995இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த 'பேப்' என்னும் பன்றிக்குட்டிப் படத்துக்கு இந்த வேலைக்காகவே ஆஸ்கார் பரிசு கிடைத்தது. குட்டிகள் மளமளவென்று வளர்ந்துவிடும் அல்லவா? அந்த ஒரு வேடத்துக்கு 48 பன்றிக்குட்டிகளை மாற்றி மாற்றி நடிக்க வைத்தார்களாம்!

அந்தக் கணினி வேலையில் பங்கு கொண்ட 'ரிதம் அண்ட் ஹியூஸ்' என்னும் அமெரிக்க நிறுவனம், பின்னாளில் மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளை திறந்தது. நம் சிலாங்கூர் மாநிலத்துச் சைபர்ஜெயாவிலும் ஒன்று திறந்தது. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்தில் படகிலேறி வரும் புலியைப் பார்த்து நாம் மிரண்டோமே, அந்தப் புலியில் பெரும்பகுதி கணினியில் பிறந்தது. அந்தப் படத்துக்கான வேலையில் மலேசியப் பிள்ளைகளின் கையும் இருந்தது. அந்தப் படம் 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் வாங்கியபோது, வேலை செய்த அந்த நிறுவனம் கடன் தாங்காமல் நொடித்துப்போய் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது என்பது வேறு கதை. ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளைகளிடம், படம் வரைவதில் ஆர்வமுள்ளவர்களுக்கு இப்படியும் தொழில் உண்டு என்று நான் சொல்வதுண்டு. மருத்துவர், வழக்கறிஞர் இரண்டைத் தவிர வேறு தொழிலின் பெயரே அவர்கள் வாயில் வருவதில்லை!

பேசும் நாய்க்கும் கிறிஸ்துமஸுக்கும் அமெரிக்காவில் ஒரு பந்தமே உண்டு. அதன் கதையைக் கேளுங்கள். 1989இல் கலிபோர்னியா மலைப்பகுதியில் அனாதையாகத் திரிந்த ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாயைக் கெவின் டிசிக்கோ என்பவர் எடுத்து வளர்த்தார். பெயர் படி. அது மூக்கால் பந்தை முட்டிக் கூடைக்குள் போடப் பழகியது. தந்திரம் இல்லை, உண்மையாகவே போட்டது! அதை வைத்து 1997இல் 'ஏர் பட்' என்ற படம் எடுத்தார்கள். நாய் பேசவில்லை, பந்து போட்டது, பையனோடு இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே படி இறந்துவிட்டது. படங்கள் மட்டும் நிற்கவில்லை. 2006இல் அதன் குட்டிகள் என்று ஐந்து குட்டிகளைக் கொண்டுவந்து பேச வைத்தார்கள். பிறகு பனியில் குட்டிகள், விண்வெளியில் குட்டிகள், 2009இல் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு குட்டிகள். தியேட்டருக்கு வராமல் நேராக வீடியோத் தட்டில் விற்பனை. பல்பொருள் கடையில் பண்டிகைச் சாமான்களோடு சாமானாக அதுவும் விலை போயிற்று. பனிப் படத்தை எடுத்தபோது, தாயிடமிருந்து பிரித்துக்கொண்டுவரக் கூடாத வயதிலேயே கொண்டுவரப்பட்ட குட்டிகளிடையே பார்வோ என்னும் நோய் பரவி ஐந்து குட்டிகள் செத்துப்போயின. சிரிப்புப் படத்துக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.

பிராணிகளை வைத்துப் படமெடுப்பதில் தமிழர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். நம் பெற்றோர் தோட்டத்துத் திடலில் பாய் விரித்துப் பார்த்த படங்களை நினைத்துப் பாருங்கள். சாண்டோ சின்னப்பா தேவர் யானையையும் மாட்டையும் ஆட்டையும் பாம்பையும் கதாபாத்திரமாக்கியவர். அவர் 1967இல் யானையை வைத்து எடுத்த 'தெய்வச் செயல்' ஓடவில்லை. மனிதர் விடவில்லை. அதையே திருத்தி, 1971இல் இந்தியில் ராஜேஷ் கன்னாவை வைத்து 'ஹாத்தி மேரே சாத்தி' என்று எடுத்தார். நாடு முழுவதும் ஓடியது. மறு ஆண்டு எம்.ஜி.ஆரை வைத்துத் தமிழில் 'நல்ல நேரம்'. என் தாயார் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எம்.ஜி.ஆர். பெயரைச் சொல்வதற்கு முன் யானையின் பெயரைச் சொல்வார்; 'ராமு' என்று, ஏதோ பக்கத்து லயத்துப் பையனைச் சொல்வதுபோல. தேவர் படத்து யானையும் ஆடும் பேசியதில்லை. ஆனால் எதற்காகக் கோபப்படுகிறது, யாரைக் காப்பாற்ற ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். (அந்த நாளில் பிராணிகளை எப்படிப் பழக்கினார்கள் என்பதை இன்று யோசித்தால் மனம் ஒப்பாத இடங்களும் இருக்கத்தான் செய்யும். 2001இல் வந்த இந்தியச் சட்ட விதிகளின்படி, பிராணியை நடிக்க வைப்பதென்றால் பிராணிகள் நல வாரியத்தில் பதிவும் அனுமதியும் பெற வேண்டும். நல்லதுதான்.)

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு நாயைப் பற்றிச் சினிமாக்காரர் வந்து சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் அப்பாவோடு பாதிவழி வந்துவிட்டுத் திரும்பும் நாய், பால்மரக் காட்டில் பாம்பைக் கண்டால் நின்று குரைக்கும் நாய், ஆயாக் கொட்டகை வாசலில் பிள்ளைகளின் ரொட்டித் துண்டுக்காகப் படுத்திருக்கும் நாய் என்று லயத்துக்கு லயம் இருந்தன. அவற்றுக்கு மணி, டைகர், கறுப்பன் என்று பெயரும் இருந்தது. யாருடைய நாய் என்று கேட்டால் பாதி வேளை பதில் கிடைக்காது. எல்லார் வீட்டுச் சோற்றையும் தின்றது.

இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்னும் தோட்டப் பகுதி. கித்தா மரமும் செம்பனையும் நின்ற மண். 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது, 2000இல் மாநகரானது. தோட்டங்கள் போயின, தோட்டத்து மக்களில் பலர் அடுக்குமாடிகளில் ஐந்தாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் குடியேறினார்கள். அங்கே நாய்க்கு இடம் ஏது? அடுக்குமாடியில் நாய் வளர்க்கப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. தரைவீட்டில் வளர்ப்பதென்றாலும் மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும், அண்டை அயலாரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது முறைதான். ஆனால் அதனால் நேர்ந்தது என்ன? நம் பேரப்பிள்ளைகளுக்கு நாய் என்பது திரையில் வரும் ஒன்றாகிவிட்டது. தாத்தாவுக்கு மணி இருந்தது. பேரனுக்குச் சினிமாவில் வருவதுதான் நாய். அந்த நாயும் மனிதனுடைய கிண்டலையே பேசினால், அல்லது ஒன்றும் செய்யாமல் மூட்டைபோலத் தூக்கிச் செல்லப்பட்டால், பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? அதனால்தான் இந்தப் படங்களின்மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாய்ப் படம் பார்த்து வந்த பிள்ளை அடுத்து நாய்க்குட்டி கேட்கும். 1996இல் '101 டால்மேஷன்ஸ்' வந்த பிறகு, அமெரிக்காவில் புள்ளி நாய்க்குட்டிகளை வாங்கிக் குவித்துவிட்டு, வளர்ந்ததும் காப்பகங்களில் கொண்டுபோய் விட்டார்கள். பனிநாட்டுக்கு உரிய அடர்ந்த முடி நாய்களை நம் வெயிலில் வாங்கிக் கட்டிப்போடும் பாவமும் நடக்கிறது. சிம்பாவைப் பார்த்த பிள்ளை ஹஸ்கி வேண்டும் என்று அழுதால், 33 பாகை வெயிலில் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு திடலை இரண்டு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்! குட்டி வளர்க்க உண்மையிலேயே இடமும் உரிமமும் உள்ளவர்கள், கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவதற்குமுன் காப்பகத்தில் காத்திருக்கும் நம் ஊர் நாய்களைப் போய்ப் பார்க்கலாம். வெயிலும் மழையும் அவற்றுக்குப் பழக்கம்.

வடிவேலுவை நேசிப்பவர்கள் என்மேல் வருத்தப்பட வேண்டாம். நானும் உங்களில் ஒருத்திதான். அடுத்த ஆண்டே, 2023 ஜூன் 29ஆம் தேதி, மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' வந்தது. அதில் வடிவேலு சிரிக்க வைக்கவே இல்லை. மகன் முன்னால் தலைகுனிந்து நிற்கும் தகப்பனாக வந்து நம்மை அழ வைத்தார். அந்தப் படத்திலும் நாய்கள் உண்டு, பன்றிக்குட்டிகளும் உண்டு. யார் எதை வளர்க்கிறார்கள், தோற்ற நாயை என்ன செய்கிறார்கள் என்பதை வைத்தே மனிதர்களின் குணத்தைக் காட்டிவிட்டார்கள். ஆனால் அது சிறு பிள்ளைகளுக்கான படம் அன்று. பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகு பேசவும் விஷயம் இருக்கும்.

ஆகவே, என்னிடம் கேட்ட அந்தத் தாய்க்குச் சொன்னது இதுதான்: இரண்டு 'நாய் சேக'ரையும் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் அடம் பிடித்தால் பாட்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 'ஓ மை டாக்' ஒத்துவரும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு '777 சார்லி'யைத் தமிழில் போடுங்கள். நாய் அடிபடும் இடமும் உண்டு, முடிவில் அழுகையும் உண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். ஒரு நாள் பாதி, மறு நாள் மீதி. நடுவே தாத்தாவையோ பாட்டியையோ கூப்பிட்டு, தோட்டத்தில் இருந்த நாயின் பெயர் என்ன, அது என்ன செய்யும் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் படத்தின் மறுபாதி மறந்துபோனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். என் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.